இரண்டு புள்ளி ஒன்று

ஐந்து மணி பத்து.
வெறும் வயிறு, ஒரு மிடறு தண்ணீர்,
மிளகளவு வெள்ளைக் குளிசை.
தேத்தண்ணிக்கு இன்னும் அரை மணித்தியாலம்.
கேத்தில் கொதித்து, தானே அணைந்து, ஆறுகிறது.
நானும் அப்படித்தான்,
கொதிக்கிற பகுதியைத் தவிர.

மூன்று வருடத்தில் நான்கு அளவுகள்.
ஐம்பது, எழுபத்தைந்து, நூறு, திரும்ப எழுபத்தைந்து.
நூறில் நெஞ்சு பஸ் பிடிக்க ஓடியது;
நான் கட்டிலில் கிடந்தேன்.

பீல் நகரில் மாசி மாதம்.
ஏரியிலிருந்து எழும்பும் புகார்
ஸ்டேஷன் மணிக்கூட்டைத் தின்றுவிடும்.
மணிக்கூடு செய்கிற ஊர் இது,
நொடியை நூறாய் அரிந்து பெட்டியில் அடைக்கிறார்கள்.
எனக்கு ஒரு சோடி சொக்ஸ் போட ஆறு நிமிடம்,
ஒன்றைப் போட்டு மற்றக் காலை மறந்து
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் சேர்த்து.

டொக்டர் ஸ்பிண்டன் திரையை என் பக்கம் திருப்பினார்.
"இரண்டு புள்ளி ஒன்று. அழகான எண்."
அழகுதான்.
அதற்குப் புருவம் ஓரம்வரை இருக்கும்.
குளிப்பறை வடிகாலில்
அதன் தலைமயிர் சுருண்டு கிடக்காது.
"குளிர்காலத்தில் எல்லாருக்கும் களைப்புத்தான்" என்றார்.
சுவரில் ஒரு தொண்டைப் படம்.
வண்ணத்துப்பூச்சி மாதிரி, என்றாள் தாதி.
இருக்கலாம்.
என்னுடையது ஊசி குத்திச் சட்டமிட்டது.

முதியோர் இல்லத்துச் சமையலறையில்
"லூர்டெஸ், அதைத் தா, அந்த…"
தமிழிலும் இல்லை, ஜெர்மனிலும் இல்லை.
கை மட்டும் வட்டமாய்க் காற்றைப் பிடித்து நிற்கிறது.
அவள் சிரிக்காமல் வடிதட்டை நீட்டுகிறாள்.
ஏட்டுச் சுரைக்காய் என்று ஒன்று இருக்கு, லூர்டெஸ்,
கறிக்கு உதவாது.
மொழிபெயர்த்துச் சொல்ல இன்றைக்கு ஏலாது.

தவநேசன் கெட்டவரில்லை.
"எல்லாம் சரியெண்டால் பிறகென்னப்பா?"
ஒரேயொரு தரம்தான் கேட்டார்.
பிறகெல்லாம் கேட்காமல் கேட்கிறார்,
நான் கூட்டிவைத்த ஹீட்டரை ஒரு கோடு குறைக்கையில்.
கோயிலில் ஒருத்தி
"பூசினமாதிரி வந்திட்டீர், நல்லாயிருக்கு" என்றாள்.
மோதிரம் விரலில் இறுகியதைச் சேலைத் தலைப்பால் மூடினேன்.

போன வியாழன் பஸ்ஸில் தூங்கிப்போனேன்.
என் தரிப்பு போய், அடுத்ததும் போய்,
"மடாம், இதுதான் கடைசி."
நான் எழும்பவில்லை.
சாரதி ஒரு கணம் பார்த்தார்,
"ஒன்பது நிமிடத்தில் திரும்புவோம், இருங்கள்" என்று
வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார்.
ஏன் என்று யாரும் கேட்காத ஒன்பது நிமிடம்.

அன்றிரவு அபிர்னாவின் பழைய கணக்குக் கொப்பியில்
மிச்சமிருந்த தாள்களை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாடி: வழியில் இரண்டு தரம் நின்றேன்.
புதன்: மறந்த சொற்கள் ஏழு. ஏழாவது, புதன்.
ஞாயிறு: இட்லி அவித்தேன். அவர்கள் சாப்பிட்டார்கள். நான் படுத்தேன்.
திங்கள்:

திங்கள் வெறுமைதான். பேனை தூக்க முடியவில்லை.

டொக்டர் முழுவதையும் வாசித்தார்.
வெறுமையான திங்களில் கூடுதல் நேரம் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"எனக்குத் தெரியவில்லை" என்றார்.
இரும்புச்சத்தைப் பார்ப்போம், நித்திரையைப் பார்ப்போம்,
பேர்னில் ஒருவரிடம் அனுப்புகிறேன் என்றார்,
அதெல்லாம் பிறகு.
அந்தத் தெரியவில்லையைத்தான்
முட்டைப் பெட்டி போல மடியில் வைத்து
வீடுவரை கொண்டுவந்தேன்.

அடுத்த நாள் கெர்பரிடம் ஒரு ஸ்டூல் கேட்டேன்.
கேட்க மூன்று வருடம்.
கொண்டுவர அவளுக்கு ஒரு நிமிடம்.

கொப்பியில் இன்று:
செவ்வாய். குளிர். கை வீக்கம் அப்படியே.
இருந்தபடி எட்டுக் கிலோ கரட்.
இறங்கும் தரிப்புக்கு போனில் அலாரம் வைத்திருந்தேன்,
அது அடிக்கமுன் விழித்துக்கொண்டேன்.
ஏனென்று தெரியாது.
அதையும் எழுதினேன்.