விரிசல் கணக்கு

மாதவரம் கோழி ஆராய்ச்சிக் கொட்டகையில்
எனக்கு இரண்டு வேலை.
தீனியை எடைபோட்டு வைப்பது,
முட்டையை எடைபோட்டு எழுதுவது.
நடுவில் நடப்பது கோழியின் வேலை.

ஐந்து மூட்டை. வாய் கட்டிய சணலுக்கு ஐந்து நிறம்.
மக்காச்சோளம் ஒன்றே, சோயாப் பிண்ணாக்கு ஒன்றே,
மெத்தியோனின் என்று முபீனா டாக்டர் சொல்லும்
அந்த நாறும் வெள்ளைப் பொடியும் ஒன்றே.
மாறுவது கிளிஞ்சல் தூள்.
சிவப்புச் சணலில் நூற்றுக்கு இரண்டரை சுண்ணாம்புச் சத்து.
அரை அரையாக ஏறி
பச்சையில் நாலரை.

கிளிஞ்சல் பழவேற்காட்டிலிருந்து வருகிறது.
பிரித்தால் இன்னும் கழிமுக வாடை.
சேற்றுக்குள் ஓர் உயிர் தனக்கென்று கட்டிய ஓடு
இடிபட்டு, சலிபட்டு,
இன்னொன்றின் வயிற்றில் ராத்திரியெல்லாம் கரைந்து
விடிவதற்குள் வேறு ஓடாகிவிடுகிறது.
இதைச் சொன்னேன்.
"பெனினாக்கா, தீசிஸ்ல இதெல்லாம் எழுத முடியாது" என்றாள் முபீனா.

முட்டைக்கும் பரீட்சை உண்டு.
ஒன்பது வாளி உப்புத் தண்ணீர்,
வாளிக்கு வாளி ஒரு பிடி உப்பு கூடுதல்.
எதில் மிதக்கிறதோ அதுதான் அதன் மார்க்.
ஓடு மெலிந்தது இரண்டாம் வாளியிலேயே எழும்பிவிடும்.
கெட்டியானது எட்டிலும் அடியில் கிடந்து
அடம்பிடிக்கும்.

கத்திரி பிறந்தது.
மின்விசிறி சுழன்றும் காற்று சுடுகிறது.
வாய் பிளந்து, இறக்கை அகட்டி,
நூற்றுப் பத்து கிராம் தின்ற கோழி
எண்பதோடு முகம் திருப்பிக்கொள்கிறது.
சதவீதம் அப்படியேதான் இருக்கிறது.
தின்னாத தீனியின் சதவீதத்தை வைத்து
எந்த ஓட்டைக் கட்டுவது?

சிவப்புச் சணல் வரிசைதான் முதலில் விரிசல் கண்டது.
விரிந்தது விற்பனைக்கு ஆகாது,
ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே வழக்கம்.
தூக்குச் சட்டியில் உடைத்து ஊற்றி
மூலக்கடையில் ஷேர் ஆட்டோ பிடித்து
மடியில் வைத்துக்கொண்டு கொடுங்கையூர் போவேன்.
மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஆம்லெட்.
எதிர்வீட்டில் கேட்டே விட்டார்கள், என்ன விசேஷம் என்று.
ஜெபசீலியை அரிசிக் கடைத் தராசில் ஏற்றினேன்
(எடை பார்க்கிற பழக்கம்தான்).
ஒன்றரை கிலோ கூடியிருந்தாள்.

முப்பத்தேழாம் கூண்டு ஒரு நாளும் தவறியதில்லை.
பதிவேட்டில் அதன் வரி முழுக்க டிக்.
ஒரு செவ்வாய்க்கிழமை
கம்பிமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது.
தூக்கி நிறுத்தினேன்.
சரிந்தது.
அன்றைக்கும் முட்டை இருந்தது. தோல் முட்டை,
என் விரல் தடத்தை அப்படியே வாங்கிக்கொண்டது.

"தீனியில கிடைக்கலன்னா எலும்புல இருந்து எடுத்துக்கும்" என்றாள் முபீனா.
குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண்ணாடியை மட்டும்
இரண்டு தரம் துடைத்தாள்.
குறிப்பு என்ற கட்டத்தில் 'நிக்க முடியல' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'கால் தளர்ச்சி' என்று திருத்தினாள்.

சாயங்காலம்தான் கோழி கிளிஞ்சலைத் தேடும்.
எல்லாரும் கிளம்பியபின்
தூள் இல்லை, பல்லில் நறநறக்கிற பெரிய சில்லாகப் பொறுக்கி
அதன் அலகருகே வைத்தேன்.
படுத்தபடியே கொத்தியது.
எனக்குத் திருடத் தெரியும், மறைக்கத் தெரியாது.
மறுநாள் நானே சொல்லிவிட்டேன்.
திட்டுவாள் என்று நின்றேன்.
ஸ்கேல் வைத்து
முப்பத்தேழாம் வரியின்மேல் ஒரு கோடு இழுத்தாள்.
"இனி அது கணக்குல இல்லக்கா. என்ன வேணா போடுங்க."

ஜூனில் முடிவு வந்தது.
வெயில் காலத்துக்கு நீலச் சணல், நான்கு சதவீதம்.
அதற்கு மேல் போட்டாலும் ஓடு தடிப்பதில்லை, தீனிதான் மிஞ்சுகிறது.
எல்லாக் கூண்டுக்கும் நீலம் என்று உத்தரவு.

இரண்டு வாரத்தில் தூக்கு லேசாகிவிட்டது.
ஜெபசீலி மூடியைத் திறந்தாள்,
சாய்த்துப் பார்த்தாள்.
"ஏம்மா, கோழிக்கெல்லாம் என்னாச்சு?"

"நல்லாயிருக்கு" என்றேன்.