எட்டு உடைந்த குளிர்காலம்

தேரோ என்று பெயர் வைத்தார்கள் அந்தப் பிக்கப்புக்கு.
நம் காதில் அது கேள்வியாக விழும்.
தேர் இல்லை;
உருகுவேயின் மேய்ச்சல் வெளிகளில்
கூச்சலிட்டுத் திரியும் ஒரு பறவை,
நம் ஆட்காட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
கத்துவது ஓரிடம், முட்டை வேறிடம் என்று
அங்கே அதைப் பற்றிச் சொல்வார்கள்.

வண்டியின் கணக்கும் அப்படித்தான்.

ஐந்நூறு என்று கத்துகிறது விளம்பரத் தாள்.
முதல் வண்டி ஆலையைவிட்டு உருளுமுன்பே அச்சான தாள்.
சுங்கப் பதிவில் முந்நூற்று முப்பத்தொரு எஞ்சின்கள்;
அவற்றில் எத்தனை நெல்வயலில்
நீர் இறைத்தே ஆயுளை முடித்தனவோ.
ஆலை திவாலானபோது வந்த வக்கீல்
இருநூற்றுச் சொச்சம் என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டிருக்கிறார்.
சொச்சம்!
சட்டத்துக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது.

நிபியா சரசோலா, பைசாண்டு நகரத்துப் பல் மருத்துவர்.
ஞாயிறுகளில் வாய்களை விட்டுவிட்டு
பானட்டுகளைத் திறக்கிறாள்.
தொழிலின் அதே சிறு கண்ணாடி, அதே குனிவு.
துருவைச் சுரண்டி சேசிஸ் நம்பர் படிக்கிறாள்.
ஒன்பது வருடத்தில் நாற்பத்தொன்று.
ஒன்றில் கோழிகள் அடைகின்றன.
ஒன்று ஆற்றுச் சேற்றில் மூக்குவரை;
அதன் எண்ணை விரலால் தடவித்தான் வாசித்தாள்.

மார்ச்சில் தார்தோ இஃப்ரானின் வண்டியில் 217.
ஏப்ரலில், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி,
எவுலோஹியோ தெச்சேராவின் வண்டியிலும் 217.

அது திருட்டு வண்டி என்றார் இவர்.
இது ஒட்டுப்போட்ட வண்டி என்றார் அவர்.
எல்லை தாண்டி வந்த பிரேசில்காரர் ஒருவர்
இரண்டுக்கும் விலை சொல்லியிருந்தார்.
இப்போது இரண்டையும் திரும்பச் சொல்லிவிட்டு
போனை எடுப்பதில்லை.

மே மாதம், மழைநாள்.
எலிதா பெந்தாங்கூர் கடைவாய்ப் பல்லுக்காக
நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள்.
அந்த ஆலையில் இருக்கை தைத்தவள்.
துளையிட்டுக்கொண்டே நிபியா புலம்புகிறாள்
இரட்டை 217 பற்றி.
வாய் நிறையப் பஞ்சோடு எலிதா:
"எட்டு உடைஞ்சுபோச்சு."

நிபியா எட்டாவது பல்லைப் பார்க்கிறாள்.
பாறைபோல இருக்கிறது.

"அது இல்ல. அச்சு."

பஞ்சை எடுத்த பிறகு மீதி வந்தது.
எண் குத்தும் இரும்பு அச்சுகள் பத்து.
1974 ஜூலையில், 217 முடிந்து அடுத்ததைக் குத்துகையில்
எட்டு மட்டும் விரிசல் விட்டது.
மொண்டெவிடியோவுக்குக் கடிதம் போட்டார்கள். பதில் இல்லை.
பல்தொமேரோ முன் எண்ணையே இன்னொரு முறை குத்தினான்.
228 வந்தபோது சலித்துப்போய்த் தாண்டினான்.
238 வந்த அன்று அவன் லீவு.
279க்குப் பிறகு நேராக 290;
பத்து வண்டிகள் பிறக்காமலே வயதாகிவிட்டன.

"நீங்க எத்தனை சீட் தைச்சீங்க?"
"முந்நூத்தி ஆறு. கூலி சீட்டுக்கு இவ்வளவுன்னு.
என் கணக்கு தப்பாது."

நிபியா இரண்டு பேருக்கும் போன் செய்தாள்.
திருட்டும் இல்லை, ஒட்டும் இல்லை,
இரட்டைப் பிள்ளைகள் என்றாள்.
அரை நிமிட மௌனம். பிறகு இஃப்ரான்:
"அப்ப என்னுதுதான் மூத்தது."
தெச்சேராவும் அதையேதான் சொன்னார்,
இன்னும் கெட்ட வார்த்தைகளில்.

நோட்டில் 306 என்று எழுதினாள்,
ஒன்பது வருடத்தில் முதன்முறையாகப் பேனாவால்.

பில் கட்டிவிட்டு, கதவருகே நின்று,
பாதி மரத்த உதட்டோடு எலிதா சொன்னாள்:
"ஒரு சீட்டு என் சமையல்கட்டுல இருக்கு.
பச்சை ரெக்சின். மேஸ்திரிக்குத் தெரியாது."

மழை நிற்கவில்லை.
வண்டியே இல்லாத அந்த இருக்கையில்
இன்றிரவும் யாரோ உட்கார்ந்து சூப் குடிப்பார்கள்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது,
கூட்டவா, கழிக்கவா?