எண்பத்தாறு டிகிரி

முதல் மெக்கானிக் தெர்மோஸ்டாட் என்றான். மாற்றினேன்.
அடுத்தவன் தண்ணீர் பம்பு என்றான். அதையும் மாற்றினேன்.
மூன்றாவது எவாரிஸ்தோ,
சட்டைப்பையில் எப்போதும் வறுத்த பட்டாணி வைத்திருப்பவன்,
குனிந்துகூடப் பார்க்கவில்லை.
"ஹெட் கேஸ்கட் போயிருக்கும் செனோபியா,
வண்டியை விற்றுவிடு."
யார் வாங்குவார் என்று கேட்டேன்.
"நான்தான்."

எண்பத்து நாலில் பிறந்த டொயோட்டா.
எல் ஆல்டோவிலிருந்து கொரோய்க்கோவுக்கு
நாளுக்கு ஒரு நடை, ஐந்து பேர்.
மடியில் கோழி இருந்தால் ஆறு என்று கணக்கு.

ஏறும்போதுதான் கொதிக்கும்.
லா கும்ப்ரே கணவாய்க்கு நாலு வளைவு முன்பே
பானெட் இடுக்கில் வெள்ளையாய் ஒரு மூச்சு.
பயணிகள் இறங்கி நிற்பார்கள்.
லாமாக்களும் வந்து நிற்கும்,
வேலையில்லாத சொந்தக்காரர்களைப் போல.
கணவாயில் ஓட்டுநர்கள் மண்ணுக்குச் சாராயம் தெளிப்பார்கள்.
நானும் தெளித்தேன், ரேடியேட்டர் மேலும் கொஞ்சம்.
குடித்துவிட்டு மறுபடி கொதித்தது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.
முள் சிவப்பைத் தொடுவதில்லை.
நடுக்கோட்டைத் தாண்டி ஓர் அரிசி அகலம், அவ்வளவுதான்.
சூடில்லாத கொதிப்பு.
மாமியார் வீட்டில் என் ஏழு வருடம் மாதிரி
என்று சொல்லிச் சிரித்தேன்.
பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நானே பார்த்தேன்.
எண்ணெய்க் கம்பியை உருவினால் கறுப்பு,
பால் கலந்த காபி நிறம் இல்லை.
புகையில் இனிப்பு வாடை இல்லை.
விசிறி சுற்றுகிறது, பெல்ட் தொய்யவில்லை.
ஹீட்டரைத் திறந்தால் முழங்கால் பொரிகிறது,
அப்படியானால் பம்பு சாகவில்லை.
கீழே கொரோய்க்கோவில்
வாழை மரங்களுக்கும் வியர்வைக்கும் நடுவே
உச்சி வெயிலில் நிற்கும்போது
ஒரு குமிழிகூடக் கிடையாது.
வெயிலில் சுகம், பனியில் காய்ச்சல்.
இப்படியொரு நோயாளியை யாரிடம் காட்டுவது?

செவ்வாய் இரவு சோளம் வேகவில்லை.
குக்கரில் ஒரு மணி நேரம், அப்படியும் கூழாங்கல்.
மூடி ஓரமாக ஆவி சீறிக்கொண்டிருந்தது.
கழற்றிப் பார்த்தால் ரப்பர் ஓரிடத்தில் விரிந்திருந்தது.
இந்த உயரத்தில் தண்ணீர் அவசரக்காரி.
எண்பத்தாறு டிகிரிக்கே துள்ளிவிடுவாள்,
துள்ளுவாள், வேகவைக்க மாட்டாள்.
வாயை இறுக்கி மூடினால்தான்
வேலை நடக்கும்.

ரப்பர் கையில் இருக்க
ஜன்னல் வழியே பார்த்தேன்.
வண்டி இருட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

புறங்கையால் தொட்டு, ஆறியதை உறுதி செய்துகொண்டேன்.
(சூட்டில் திறந்த எவாரிஸ்தோவின் மைத்துனனுக்கு
இடது புருவம் இன்னும் முளைக்கவில்லை.)
ரேடியேட்டர் மூடி
முறைப்பே காட்டாமல் திருகி வந்தது.
அடியில் ஸ்பிரிங்.
கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போனது,
திரும்பி வர மறந்துவிட்டது.

தெர்மோஸ்டாட் எண்பத்தெட்டில் திறக்கும்.
தண்ணீரோ எண்பத்தாறில் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறது.
கதவு திறக்குமுன்னே
விருந்தாளி செருப்பை மாட்டிக்கொண்டாயிற்று.
பம்பு, தெர்மோஸ்டாட், இரண்டு மாதச் சம்பாத்தியம்,
எல்லாம் இந்த உள்ளங்கை அகலத் தகரத்துக்காக.

வியாழன் சந்தையில்
ஒரு தார்ப்பாய் முழுக்க மூடிகள் குவித்திருந்தான்.
ஒவ்வொன்றாய் ஸ்பிரிங்கை அழுத்தினேன்,
கடைக்காரன் முகம் சுளித்தான்.
பத்தொன்பதாவது என் விரலை எதிர்த்துத் தள்ளியது.
அதை வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை.
முதல் வளைவு, இரண்டாவது.
முள் நடுக்கோட்டில் தூங்கியது.
நான் மூச்சு விடாமல் ஓட்டினேன்.
நாலாவது வளைவு பின்னால் போனபோது
போர்வைக்குள்ளிருந்து டோன் க்ளேத்தோ கேட்டார்:
"இன்றைக்கு நிற்காதா?"
அந்தப் பாறை மறைவில்தான்
ஒன்றரை மாதமாக அவர் ஒதுங்கி வருகிறாராம்.

நிறுத்தினேன்.
பானெட்டைத் திறக்கவில்லை.
லாமாக்கள் வந்து, ஏமாந்து, திரும்பிப் போயின.
அப்போதுதான் நினைவு வந்தது,
குக்கருக்கு ரப்பர் வாங்கவில்லை.