சாரியை

லோசானில் பனி பெய்யாத ஜனவரி.
மேடேறும் மெட்ரோ ஓய்ந்த பிறகும்
மூன்றாம் மாடியில் ஓர் இருட்டறை.
அதில் நான்,
முந்நூறு மைக்ரான் தடிப்பில்
ஓர் எலியின் ஞாபகம்.

பசை என்றுதான் முதலில் பேர் வைத்தார்கள்.
நரம்பணுக்களுக்கு நடுவே அப்பிக் கிடப்பது,
ஊட்டுவது, சிந்தியதைத் துடைப்பது.
நம்மவரிடம் பசையுள்ள ஆள் என்றால்
எழுந்து நின்று கும்பிடுவார்கள்.
இங்கே பசை என்றால்
பேசத் தெரியாதது.

செவ்வாய்க் கூட்டத்தில் என் பதினொரு வரைபடங்களையும்
"இரைச்சல்" என்று மூடினார் ரோஷா,
"இல்லையென்றால் நரம்பின் எதிரொலி."
பிறகு தன் ஆப்பிள் கேக்கில் பாதியை என் பக்கம் தள்ளினார்.
கெட்டவரில்லை.

இது பன்னிரண்டாவது.
பாயும் நீரில் பேத்தை மீனின் நஞ்சைக் கலக்கிறேன்.
நரம்பணுக்கள் ஒவ்வொன்றாய் வாயடைக்கின்றன.
இனி எதிரொலிக்கவும் ஒலி இல்லை.

இரண்டு மணி பதினேழு.
திரையின் இடது மூலையில்
நட்சத்திர அணு ஒன்றின் விரல்நுனியில்
கால்சியம் பச்சையாய்த் துளிர்க்கிறது.
அவசரமே இல்லை அதற்கு.
நரம்பாயிருந்தால் கண்ணிமைக்குமுன்
கத்தி முடித்திருக்கும்.
இது மூச்சிழுத்து விடும் நேரமெடுத்து
கிளை கிளையாய் நிறைந்து
உள்ளிருக்கும் குமிழிகள் விளிம்புக்கு நகர்ந்து
திறந்து
குளூட்டமேட்,
ஒரு சிட்டிகையில் கோடியில் ஒரு பங்கு.

பக்கத்தில்
நஞ்சுண்டு ஊமையான நரம்பணுவைத் தொட்டிருக்கும்
கண்ணாடி முள்ளில்
கோடு ஒருமுறை தாழ்ந்து
மெல்ல மேலேறுகிறது.
கேட்டிருக்கிறது.

புதன்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
சாரியையில்தான் நான் கோட்டை விட்டேன்.
மரம், ஐ. நடுவில் அத்து.
அத்துவுக்குத் தனிப்பொருள் இல்லை என்றெழுதி
முழு மதிப்பெண் வாங்கினாள் சிவரூபி.
அத்து இல்லாவிட்டால்
மரத்தை வெட்டவும் முடியாது நடவும் முடியாது
என்றெழுதினேன் நான்.
சுழியம்.

கட்டுரையின் கடைசியில்
நன்றி சொல்லும் வரியில் மட்டும் பேர் வருகிறவள்
நானும் ஒரு பசை என்று
இங்கேயே முடித்துவிடலாம்.
வேண்டாம்.
எனக்கு உவமையாக இருப்பதற்கா
அந்த அணு இந்நேரம் விழித்திருக்கிறது?

நான்கு மணிக்குக் குப்பைக்கூடை எடுக்க வந்த அடெலினோ
திரையைப் பார்த்து
"விளக்கு பழுதா?" என்கிறார்.
இல்லை, இரண்டு மணிக்கு ஒருமுறை எரிந்தது என்கிறேன்.
"திரும்ப எரியுமா?"
தெரியாது.

கூடையைத் தரையில் வைக்கிறார்.
கையுறையைக் கழற்றாமலே
எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.
இருட்டில்
மூலையையே பார்த்தபடி
இரண்டு பேர்.