ஆளில்ல

புனலூருக்குப் போன பதிவுத் தபால்
ஒன்பதாம் நாள் புளியரைக்கே திரும்பி வந்தது.
உறையின் மேல் சிவப்பு மையில்
மலையாளத்தில் ஏதோ கிறுக்கல்.
கோட்டைவாசலில் லாட்டரி விற்கும் குஞ்ஞுமோன்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தான்:
'ஆளில்ல.'
மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

இல்லாத அந்த ஆளுக்கு
என் மகள் படிக்கிற பள்ளிக்கூடம் தெரியும்,
நான் ரேஷன் வரிசையில் நிற்கிற நேரம் தெரியும்.
வண்டிக் கடன் போன ஆவணியிலேயே முடிந்தது,
ரசீது இருக்கிறது
என்று நான் சொல்வது மட்டும் காதில் ஏறாது.

'பிரிச்சிராதீங்கம்மா' என்றார்
வக்கீல் குமாஸ்தா சேகு மீரான்.
'ஒட்டினது ஒட்டினபடியே இருக்கணும்.
இன்னொண்ணு எழுதி அனுப்புவோம்.'
உள்ளே இருப்பது நான் எழுதியதுதான், மனப்பாடம்.
இருந்தும் விரல் அரிக்கிறது.
முத்திரை தெரிய முன்னும் பின்னும் படம் எடுத்து
கேஸ் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன்,
நாற்பது ரூபாய்ச் சீட்டோடு.

ராத்திரி ஏழரைக்கு அதே எண்.
சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருக்க
அவன் கத்தி முடிக்கட்டும் என்று இருந்தேன்.
'உங்க விலாசம் சொல்லுங்க சார்,
எழுதிக்கிடுதேன்.'

பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.
அந்தப் பக்கம்
ஒரு மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.