மூன்றாம் படி

திங்கள் காலை மறுபடியும் பச்சை.
நீச்சல் குளத்து ஏணியில்
மூன்றாம் படிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமைதான் தேய்த்தேன்,
முட்டி தேயத் தேய்த்தேன்.
இரண்டு வாளி குளோரின்.
இரவெல்லாம் பம்பு உறுமியதில்
பக்கத்து வீட்டு லிம் சுவரைத் தட்டினார்.
ஞாயிறு ஒருநாள் நீலம்.
மகள் ஒருமுறை குதித்தாள்,
கண் சிவந்து ஏறிப் போனாள்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து யுகேந்திரன் வந்தான்.
சின்னக் குப்பியில் தண்ணீர் அள்ளி
நாலு சொட்டு மருந்து விட்டு
வெயிலுக்கு நேரே பிடித்தான்.
கருநீலமாய் இருண்டது குப்பி.

"பாஸ்பேட், அங்கிள்.
குளோரின் கொல்லக் கொல்ல
இது சோறு போடும்.
பக்கத்துல யாராச்சும் உரம் போடுறாங்களா?"

வேலிக்கு அப்பால் செம்பனை.
நிரை நிரையாய் என் ஆட்கள்.
ஒற்றையடி மண்சாலையில் என் லோரி,
கதவில் என் பெயர்.
முந்நூறு ஏக்கர் குத்தகை;
அந்தக் காசில் வெட்டியதுதான் இது.

"தெரியலப்பா" என்றேன்.

ஜெராய் மலைப் பக்கம் மேகம் கட்டுகிறது.
பிரஷ்ஷோடு இறங்குகிறேன்.
நாலாம் படியில் கால் வழுக்குகிறது.
உரம்
நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.