எழுத்து அந்தப் பக்கம்

ஸோலிங்கனில் மழை. கடை மூட இருபது நிமிடம்.
கெசீனா ப்ரோக்ஹோஃப் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
முதலில் ஒரு பேனாவைத்தான் நீட்டினார்.
'கையெழுத்துப் போடுங்கள், என்ன வேண்டுமானாலும்.'
போட்டேன்: ஹென்னிங் டீலே.
மை காயுமுன் கை அதன்மேல் நகர்ந்து
என் பெயர் வழக்கம்போல் நீலமாய் இழுபட்டது.
'ஆக, இடது' என்றார், மருத்துவர் குரலில்.

பச்சைக் கம்பளித் துணிமேல் ஐந்து சவரக்கத்திகள்.
கொம்புப் பிடி. ஒலிவ மரப் பிடி.
முனை கூர்ந்த ஒன்று
(இது வேண்டாம், புதியவர் காதுமடல் என்றால் இதற்கு உயிர்).
ஜப்பானிலிருந்து வந்தது, மடங்காதது;
ஒரு முகம் தட்டை, மறுமுகம் குழிவு.
அதற்கு மட்டும்தான் நிஜமாகவே கை உண்டு,
அதுவும் வலக்கை.
இடதுக்கென்றால் தனியே அடிக்கச் சொல்ல வேண்டும், நாலு மாதம்.
மற்றதெல்லாம் இருபுறமும் ஒன்றுபோல் குடைந்தவை.
'கத்திக்கு இடம் வலம் கிடையாது,
பொன்னெழுத்துக்குத்தான்.'

உண்மை. வலக்கையில் ஏந்தினால்
செய்தவர் பெயர் கொடி கொடியாய் என்னைப் பார்த்தது.
இடக்கைக்கு மாற்றினேன்:
வெறும் எஃகு. அதில் கூரைவிளக்கும் என் மூக்கும்.

நான் வுப்பர்டாலில் தொங்கு ரயில் ஓட்டுகிறவன்.
ஆற்றுக்கு மேலே, சக்கரம் கூரைமேல்,
கதவுகள் வலப்பக்கம் மட்டும்.
அதற்காக இடப்பக்கம் உட்கார்ந்தவர் யாரும்
வீடு போய்ச் சேராமல் இருந்ததில்லை.
இதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இழுப்பறையிலிருந்து ஆறாவது ஒன்று வந்தது.
ரெம்ஷைடுக்காரர் ஒருவர், நம்ம ஆள்,
எழுத்தை மறுபுறம் பொறிக்கச் சொல்லி
முன்பணம் கட்டிப்போனவர்
திரும்பவேயில்லை.
'தாடி விட்டிருப்பார்.'
இடக்கையில் எடுத்தேன்.
முதன்முறையாக எழுத்து என்னைப் பார்த்தது.
கே. ஓ. என்றது.
யாரோ கழற்றிய செருப்பில் கால் நுழைத்த மாதிரி,
அளவு சரி, சூடு வேறு.

ஒலிவப் பிடியையே வாங்கினேன்.
உருண்ட முனை. எழுத்து அந்தப் பக்கம்.

கையேட்டில் எல்லாப் படமும் வலக்கை.
குளியலறைக் கண்ணாடிக்குக் காட்டினேன்,
எல்லாம் என் கை ஆயின.
எங்கே தொடங்குவது என்ற வரிதான்
கண்ணாடியில் வாசிக்க வரவில்லை.
இடக்கன்னத்தில் தொடங்கினேன்.
மூச்சை அடக்கு என்று யாரும் சொல்லவில்லை, அடங்கியது.
காதருகே கத்தி சாய்ந்து படிந்தபோது
பொன்னெழுத்து வெளியே திரும்பியது,
உள்ளே நின்றவனை நோக்கி.
அவன் வலக்கைக்காரன்.
அவனுக்கும் அது தலைமாறித்தான் தெரிந்திருக்கும்.

தாடை வளைவில் ஒரு கீறல், கடுகளவு சிவப்பு.
எந்தக் கை என்று கேட்காமல்
எரித்தது படிகாரம்.